நன்யாங்கின் காயா கட்டடம்: மரக்கடைக்காரர் மகனின் மதிப்புரை

சிங்கப்பூரில் பிள்ளையை வணிகம் படிக்க வைக்க நினைக்கும் பெற்றோர் முதலில் கேட்பது தரவரிசை. அது வருடா வருடம் ஏறி இறங்கும், தேடினால் ஒரு நிமிடத்தில் கிடைத்தும் விடும். தேடினாலும் கிடைக்காத சில விஷயங்கள் இருக்கின்றன. அந்தக் கட்டடத்துக்குள் போனால் பிள்ளை எங்கே உட்காரும், யாரோடு உட்காரும், வகுப்பு முடிந்ததும் கிளம்பிவிடுமா, இருந்து வேலை பார்க்குமா? வணிகப் படிப்பில் பாதி வகுப்புக்கு வெளியேதான் நடக்கிறது. நான்கு பேர் கூடி ஒரு கம்பெனியின் கணக்கை அலசி, தங்களுக்குள் சண்டை போட்டு, ஒரு முடிவுக்கு வந்து, அதை அடுத்தவர் முன்னால் நின்று சொல்லிப் பழக வேண்டும். அதற்கு இடம் கொடுக்கிற கட்டடம்தான் நல்ல வணிகக் கல்லூரிக் கட்டடம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வர்த்தகப் பள்ளிக்காக 2023 மே மாதம் திறந்த ‘காயா’ அந்தச் சோதனையில் தேறிவிட்டது என்பது என் கருத்து.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செங்கோட்டையில் அப்பாவுக்கு மரக்கடை. தென்மலை, புனலூர்ப் பக்கமிருந்து லோடு வரும். தேக்கு, வேங்கை, அயினி என்று தடியைப் பார்த்ததும் சொல்லுகிற அளவுக்குச் சின்ன வயதிலேயே பழகிவிட்டது. இங்கே நான் கட்டுமான சைட்டில் சூப்பர்வைசர். அக்கா குடும்பம் ஜூரோங் வெஸ்ட்டில் இருக்கிறது. அக்கா மகள், அதாவது என் மருமகள், இந்த வர்த்தகப் பள்ளியில்தான் படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போகிற சாக்கில் இந்தக் கட்டடத்தை மேலும் கீழும் நன்றாகவே பார்த்திருக்கிறேன்.

ஆறு மாடி. சுமார் 220 மீட்டர் நீளம். 43,500 சதுர மீட்டர் பரப்பு. 125 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) செலவு. ஆசியாவிலேயே மிகப் பெரிய மரக்கட்டடம் என்று சொல்லித்தான் திறந்தார்கள். வடிவமைத்தவர் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் டோயோ இட்டோ. கட்டடக் கலைக்கான உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் பரிசை 2013-இல் வாங்கியவர். நாமெல்லாம் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் விவோசிட்டி கடைத்தொகுதியும் அவர் வரைந்ததுதான். இங்கே ஆர்எஸ்பி என்ற உள்ளூர்க் கட்டடக்கலை நிறுவனமும் அவரோடு சேர்ந்து வேலை செய்தது.

முதலில் மரத்தைப் பார்ப்போம். தூரத்திலிருந்து பார்த்தால் மரப் பலகை ஒட்டிய கான்கிரீட் கட்டடம் மாதிரிதான் தெரியும். பல இடங்களில் அப்படித்தான் ஏமாற்றுகிறார்கள், ஆகவே நானும் சந்தேகத்தோடுதான் கிட்டே போனேன். ஒரு தூணின் பக்கவாட்டில் விரலை வைத்துக் குறுக்கே இழுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. ஒவ்வொரு கோடும் ஓர் அடுக்கு. ஒவ்வோர் அடுக்கிலும் ரேகை வேறு மாதிரி ஓடுகிறது. ஓர் அடுக்கில் கணு இருக்கிறது, பக்கத்து அடுக்கில் இல்லை. சில அடுக்குகளில் இரண்டு துண்டுகளைப் பல் பல்லாக வெட்டிக் கோத்து ஒட்டிய இணைப்பும் கண்ணுக்குத் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. மேலே ஒட்டிய பலகையில் இதெல்லாம் இருக்காது. பாரத்தைச் சுமக்கிற மரமே இதுதான்.

இது ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம். ஆஸ்திரியா, ஸ்வீடன், ஃபின்லாந்து நாடுகளில் முறையாகப் பராமரிக்கும் காடுகளிலிருந்து வந்தது. தேக்கோடு வைத்துப் பார்த்தால் இலேசான மரம். ஒரு கன மீட்டர் தேக்கு 650 கிலோ வரும் என்றால் இது 450 கிலோவுக்குப் பக்கத்தில்தான் வரும். எங்கள் கடையில் இப்படிப்பட்ட வெளிர் மரம் வந்தால் பெட்டி அடிக்கப் போகும், வீட்டு உத்தரத்துக்கு யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் இங்கே தடியை அப்படியே நிறுத்தவில்லை. பலகையாக அறுத்து, நன்றாக உலர்த்தி, பலவீனமான இடங்களை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை ஒரே திசையில் அடுக்கி ஒட்டியிருக்கிறார்கள். உத்தரமும் தூணும் அப்படி வந்தவை. சைட்டில் இதைக் குளூலாம் என்போம். தளத்துக்கும் சுவருக்கும் வைத்தது சிஎல்டி. அதில் ஓர் அடுக்கு நெடுக்கு, அடுத்த அடுக்கு குறுக்கு என்று மாற்றி மாற்றி ஒட்டுவார்கள். மரம் ரேகைக்குக் குறுக்கேதான் அதிகம் சுருங்கி விரியும், நெடுக்கே அனேகமாக அசையாது. குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினால் ஓர் அடுக்கை இன்னோர் அடுக்கு பிடித்துக்கொள்ளும். ஒரே தடியில் பெரிய கணு இருந்தால் அந்த இடத்தில் உத்தரம் ஒடியும். பத்து அடுக்கில் ஒன்றில் கணு இருந்தால் மற்ற ஒன்பதும் அதைத் தாங்கும். அப்பா இருந்து பார்த்திருந்தால் இதை அவரிடம் விளக்கவே தேவையிருந்திருக்காது, தொட்டதும் புரிந்துகொண்டிருப்பார்.

எல்லாமே மரம் என்று நினைத்துவிடக் கூடாது. தரைமட்டத் தளம், கழிப்பறைகள், வெளிப்புறப் படிக்கட்டுகள் கான்கிரீட். இந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடித்தது. தண்ணீர் தேங்கும் இடத்தில் மரத்தை வைத்து வீம்பு பண்ணவில்லை. மற்றபடி கைப்பிடி, பெஞ்சு, கதவுச் சட்டம், அறைத் தடுப்பு வரை மரம்தான்.

தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று அக்கா கேட்டாள். எல்லோரும் கேட்கிற கேள்விதான். கனமான மரம் வெளியே கருகும். அந்தக் கரி உள்ளே இருக்கும் மரத்துக்குக் கவசமாகிவிடும். ஊசியிலை மரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர் கருகும் என்பது கட்டடப் பொறியாளர்களின் கணக்கு. அதை வைத்துத் தேவைக்கு மேல் கூடுதல் தடிமன் கொடுத்து, வெளியே கருகினாலும் உள்ளே மிச்சமிருப்பது கட்டடத்தைத் தாங்கும்படி வடிவமைப்பார்கள். சுள்ளி சட்டென்று எரியும், பெரிய கட்டை அடுப்பில் மணிக்கணக்காகக் கிடக்கும். விறகடுப்பு பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

ஒரு சைட் ஆளாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தத் துண்டுகள் எல்லாம் தொழிற்சாலையிலேயே அளவாக வெட்டி, துளை போட்டு வந்தவை. இங்கே தூக்கி வைத்துப் பொருத்துவதுதான் வேலை. ஈரக் கான்கிரீட் ஊற்றும் சைட்டில் எவ்வளவு தூசி, எவ்வளவு சத்தம், எவ்வளவு கம்பி கட்டல் என்பது நம் ஊரிலிருந்து வந்து வேலை பார்க்கும் பையன்களுக்குத் தெரியும். மதிய வெயிலில் பலகை அடித்து, கம்பி கட்டி, இரவில் தோளைத் தூக்க முடியாமல் படுக்கும் பையன்களை தினமும் பார்க்கிறேன். இப்படிப் பொருத்திக் கட்டும் முறை வளர்ந்தால் அவர்கள் உடம்புக்கு நல்லது. கட்டட மதிப்புரையில் இது எதற்கு என்று தோன்றலாம். இந்த நாட்டில் கட்டடம் என்று சொன்னாலே எனக்கு அவர்கள் முகம்தான் முதலில் வரும்.

அப்புறம் குளிர்ச்சி. நடைபாதைகளில் ஏசி கிடையாது. காற்று வரும் திசையைப் பார்த்துக் கட்டடத்தை நிறுத்தி, நீளவாக்கில் திறந்துவிட்டிருக்கிறார்கள். வெளிப்புறம் முழுக்க வெயிலை மறைக்கும் மரச் சட்டங்கள். நடுக்கூடத்தில் மேலே கண்ணாடி வழியாக வெளிச்சம் இறங்குகிறது. வகுப்பறைக்குள் குளிர்ச்சி உண்டு, ஆனால் விசிறி வைத்துக் காற்றைத் தள்ளும் வழக்கமான ஏசி இல்லை. குளிர்ந்த நீர் ஓடும் குழாய்ச் சுருள்களைத் தொட்டுக் காற்று தானே குளிர்ந்து கீழே இறங்கும், மனிதர்கள் மேல் பட்டுச் சூடானதும் தானே மேலே ஏறும். அந்த இயல்பான ஓட்டத்தை வைத்தே அறை குளிர்கிறது. நான் கவனித்தது அமைதி. காதுக்குள் இரையும் அந்த ‘ம்ம்ம்’ சத்தம் இல்லை. பின் வரிசையில் இருக்கும் பிள்ளை மெதுவாகக் கேட்ட கேள்வியும் முன்னால் வந்து சேர்கிறது. கூரையில் சூரியத் தகடுகள். ஆண்டுக்கு 5,16,000 யூனிட் மின்சாரம் அதிலிருந்து கிடைக்கும், கட்டடம் செலவழிப்பதை அதுவே ஈடுகட்டும் என்ற கணக்கில்தான் வடிவமைத்திருக்கிறார்கள். வழக்கமான கட்டடத்தோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு 2,500 டன் கரியமில வாயு மிச்சம் என்பது பல்கலைக்கழகத்தின் கணக்கு.

மத்தியானம் இரண்டு மணிக்கு நடைபாதையில் நின்றால் புழுக்கம் இருக்கத்தான் செய்யும், இது சிங்கப்பூர். ரயிலிலும் கடைத்தொகுதியிலும் குளிரிலேயே இருந்துவிட்டு வருகிறவர்களுக்கு முதல் வாரம் ஒரு மாதிரி இருக்கும். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. நாளைக்குக் கம்பெனி நடத்தப் போகிற பிள்ளைகள், மின்சாரக் கட்டணம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தோலிலேயே தெரிந்துகொண்டு படிப்பது நல்லது. ‘நிலைத்த வளர்ச்சி’ என்று பாடத்தில் வரும் பேச்சுக்குக் கண்ணெதிரே ஒரு கணக்கு இருக்கிறது. எவ்வளவு போட்டோம், எத்தனை வருடத்தில் எவ்வளவு மிச்சம், பராமரிப்பு எவ்வளவு என்று வாத்தியார் அந்தக் கட்டடத்தையே பாடமாக எடுக்கலாம்.

அறைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 190 பேர் உட்காரும் ஓர் அரங்கம், 12 விரிவுரை அறைகள், 13 கருத்தரங்க அறைகள், மேலே ஆசிரியர்களின் அலுவலகங்கள். எல்லாம் நன்றாக இருக்கின்றன. இதே வளாகத்தில் 2015-இல் திறந்த ஹைவ் கட்டடத்தில் 56 வகுப்பறைகள், மூலை இல்லாத வட்ட அறைகள். படம் எடுக்க வருகிறவர்கள் அங்கேதான் அதிகம் போகிறார்கள். பார்க்க அழகு, ஆனால் எனக்குக் காயாதான்.

காரணம் பெஞ்சுகள். நடைபாதை ஓரங்களில், மாடிப்படி திரும்பும் இடங்களில், நடுக்கூடத்தைப் பார்த்தபடி, எங்கெல்லாம் ஓர் ஓரம் கிடைக்கிறதோ அங்கெல்லாம் உட்கார இடம் செய்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பக்கம் ஒரு மேலாண்மைக் கல்லூரிக்கு உறவுக்காரப் பையன் ஒருவனைச் சேர்க்கப் போயிருந்தேன். வாசலில் பளபளவென்று கிரானைட், பெரிய சோபா, கண்ணாடி லிஃப்ட். அந்த சோபாவில் மாணவர்கள் உட்காரக் கூடாது, விருந்தினருக்கு மட்டும். வகுப்பு முடிந்து மணி அடித்ததும் பஸ். கூடிப் பேச ஓர் இடம் கிடையாது. கட்டின காசு குறைவில்லை, ஆனால் அந்தக் காசு பிள்ளைகளுக்காகச் செலவானது இல்லை. காயாவில் நான் பார்த்தவரை நல்ல இடமெல்லாம் மாணவர்கள் கையில் இருக்கிறது.

ஒரு நாள் சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன். மருமகள் குழுவுக்கு ஒரு போட்டி. ‘கேஸ் காம்பெட்டிஷன்’ என்று வணிக மாணவர்களிடையே பிரபலமான வகை. நான்கு பேர் குழு. ஒரு நிறுவனத்தின் பிரச்சினையை இருபது முப்பது பக்கத்தில் கொடுப்பார்கள். சில போட்டிகளில் ஒரு முழு நாள் கிடைக்கும், சிலவற்றில் சில மணி நேரம்தான். அதற்குள் படித்து, கணக்குப் போட்டு, தீர்வு சொல்லி, நடுவர்கள் முன்னால் நின்று பேச வேண்டும். அப்புறம் அவர்கள் கேள்வியால் துளைப்பார்கள். அதற்குத்தான் பயிற்சி. பழைய கேஸ் ஒன்றை எடுத்து வைத்திருந்தார்கள். ஒரு பேக்கரி நிறுவனம். ஒவ்வொரு கடையிலும் அடுப்பு வைத்து அங்கேயே ரொட்டி சுடுவதா, ஒரே இடத்தில் பெரிய அடுக்களை போட்டு எல்லாக் கடைக்கும் அனுப்புவதா?

இரண்டாவது மாடிப் பெஞ்சில் நான்கு பேரும் லேப்டாப்போடு. நான் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். மருமகள் எழுந்து நின்று பேச, ஒரு பையன் கைபேசியில் நேரம் பார்க்க, இன்னொருத்தி நடுவர் வேடத்தில். “ஒரே அடுக்களை போட்டால் செலவு குறையும்” என்று இவள் சொன்னதும் அந்தப் பெண் நிறுத்தினாள். எந்தச் செலவு, வாடகையா, சம்பளமா, மாவு வாங்கும் விலையா, எவ்வளவு, எந்தப் பக்கத்தில் இருக்கிறது? இவள் பக்கத்தைப் புரட்டினாள். அந்த நேரம் படியேறி மேலே போய்க்கொண்டிருந்த மூத்த மாணவர் ஒருவர் திரையைப் பார்த்துவிட்டு நின்றார். “காலையில் சுட்ட வாசனைக்காகத்தானே ஆட்கள் அந்தக் கடைக்குள் வருகிறார்கள்? அடுப்பை எடுத்துவிட்டால் விற்பனை எவ்வளவு குறையும் என்று போட்டீர்களா?” என்று கேட்டுவிட்டுப் போயே போய்விட்டார். நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்த வரி அவர்கள் கணக்கில் இல்லவே இல்லை.

அரை மணி நேரம் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டார்கள். மாவைப் பிசைந்து அச்சுப் போடுவது ஒரே இடத்தில், சுடுவது மட்டும் கடையில் என்று புதிய தீர்வு வந்தது. மருமகள் என் பக்கம் திரும்பி, “மாமா, உங்கள் ஊர் பேக்கரியில் எப்படிப் பண்ணுவார்கள்?” என்று கேட்டாள். காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டுவதையும், ஆறு மணிக்குப் பன் வாசனைக்காகவே பால் வாங்க வருகிறவர்கள் கடைக்குள் ஏறுவதையும் சொன்னேன். அதையும் குறித்துக்கொண்டார்கள். அந்தப் போட்டியில் அவர்கள் இறுதிச் சுற்றுக்குப் போனார்கள், பரிசு வேறு குழுவுக்கு. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு மூடிய அறைக்குள் அந்தப் பயிற்சி நடந்திருந்தால் படியில் போன அந்த மாணவர் நின்றிருக்க மாட்டார், அந்தக் கேள்வியும் வந்திருக்காது. பெஞ்சை நடைபாதையில் போட்டவர் அதை யோசித்துத்தான் போட்டிருக்கிறார்.

மாணவர்கள் என்ன சாதித்திருக்கிறார்கள் என்று கேட்டால், கோப்பைகளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது படிப்பின் கட்டமைப்பு. பணிப்பயிற்சி இங்கே படிப்பின் ஒரு பகுதி. ஒரு நிறுவனத்தில் போய் வேலை பார்த்துவிட்டு வர வேண்டும். கணக்கியல் பட்டம் பெறுபவர்கள் சிங்கப்பூரின் பட்டயக் கணக்காளர் தகுதித் தேர்வுக்கு நேரடியாகப் போகலாம். காப்பீட்டுக் கணிதம் படிக்கும் பிள்ளைகள் தொழில்முறைத் தேர்வுகளையும் பக்கத்திலேயே எழுதிக்கொண்டு வருவார்கள், அது சாதாரணப் படிப்பில்லை. ஏஏசிஎஸ்பி, எக்விஸ் ஆகிய இரண்டு சர்வதேச அங்கீகாரங்களும் இந்தப் பள்ளிக்கு உண்டு. இங்கே கணக்கியல் படித்து 1993-இல் முதல் வகுப்பில் தேறிய லிம் சௌ கியாட், அதே வருடம் ஜிஐசியில் வேலைக்குச் சேர்ந்து, 2017-இல் அதன் தலைமை நிர்வாகி ஆனார். ஜிஐசி என்பது இந்த நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பை முதலீடு செய்கிற அமைப்பு. அவர் படித்தபோது இந்த மரமும் இல்லை, பெஞ்சும் இல்லை. பள்ளிக்கு அடித்தளம் ஏற்கெனவே இருந்தது, கட்டடம் அதற்குப் பிறகு வந்தது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த அடித்தளம் எப்படி வந்தது என்பதும் அழகான கதை. 1955-இல் இதே மேட்டு நிலத்தில் நன்யாங் பல்கலைக்கழகம் எழுந்தது. 523 ஏக்கர் நிலத்தை ஹொக்கியன் சீனர்களின் சங்கம் கொடுத்தது, ரப்பர் வியாபாரி டான் லார்க் சை 5 மில்லியன் வெள்ளி கொடுத்தார், ரிக்‌ஷா ஓட்டியவர்களும் தங்கள் ஒருநாள் கூலியைக் கொடுத்தார்கள். 1980-இல் அது சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. 1981-இல் இங்கே தொழில்நுட்பக் கழகம் வந்தது. 1987-இல் கணக்கியல் பள்ளி இந்த வளாகத்துக்கு மாறியது. 1991-இல் இப்போதைய பல்கலைக்கழகமானது. ரிக்‌ஷாக்காரர் காசில் தொடங்கிய இடத்தில் வணிகம் படிக்கிறோம் என்பதை ஒவ்வொரு பிள்ளையும் தெரிந்துகொண்டு படித்தால் நன்றாக இருக்கும்.

இந்த வளாகத்தில் தமிழ் இலக்கிய மன்றம் ஒன்றும் இருக்கிறது. மருமகள் அதில் மேடையேறிப் பேசியிருக்கிறாள். நடுவர் முன்னால் கால் நடுங்காமல் நிற்க அவள் பழகியது அங்கேதான் என்பது அக்காவின் கட்சி. எனக்கும் அதுவே சரி என்று படுகிறது.

இனி, பலரும் என்னிடம் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். திறந்த பிறகு இந்தக் கட்டடத்தில் சில இடங்களில் மரத்தின் மேல் பூஞ்சணம் பூத்திருப்பதாக இங்குள்ள பத்திரிகைகளில் செய்தி வந்தது. “பார்த்தாயா, வெப்ப நாட்டில் மரம் நிற்குமா?” என்று சைட்டில் கேலி பேசினார்கள். மரக்கடையில் வளர்ந்தவன் என்ற முறையில் நான் சொல்வது இது. மேலே படரும் பூஞ்சணம் வேறு, உள்ளே அரிக்கும் உளுப்பு வேறு. பூஞ்சணம் மரத்தின் மேல்பரப்பில் இருக்கும் சத்தைத் தின்று, ஈரக் காற்றில் வளரும். நிறத்தைக் கெடுக்கும், மூச்சுக்கும் நல்லதில்லை, துடைத்துச் சுத்தம் செய்து மேலே பூச்சுப் போட வேண்டும். உளுக்க வைக்கும் பூஞ்சைக்கு அது போதாது. மரத்துக்குள்ளேயே ஈரம் ஊறி நிற்க வேண்டும், அதுதான் பாரம் தாங்கும் வலிமையைக் குறைக்கும். ஆகவே பூஞ்சணத்தைப் பார்த்ததும் கட்டடம் விழப்போகிறது என்பது பொய்ப் பயம்.

அதே நேரம் அலட்சியமும் கூடாது. தேக்குக்குள் எண்ணெய் இருக்கிறது, ஸ்புரூஸில் அந்தப் பாதுகாப்பு இல்லை. குளிர்நாட்டு மரத்தை 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருக்கும் ஊரில், ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் நிறுத்தினால், அதற்கு ஆள் வைத்துப் பார்க்க வேண்டும். ஐப்பசி மழை தொடங்கினால் அப்பா வேறெந்த வேலையும் பார்க்க மாட்டார். பலகைக்குப் பலகை நடுவே சிம்பு வைத்து, காற்றுப் போகும்படி பிரித்து அடுக்குவார். எங்கே வெள்ளைப் பொட்டுத் தெரிகிறதோ அதை அன்றைக்கே துடைக்கச் சொல்வார். ஒரு வாரம் விட்டால் பொட்டு படையாகிவிடும். பெரிய கட்டடத்துக்கும் அதே நியாயம்தான். எங்கே சாரல் அடிக்கிறது, எங்கே காற்று நிற்கிறது, எங்கே குளிர்ந்த பரப்பில் நீர் கோக்கிறது என்று மாடி மாடியாகப் பார்த்து வைக்க வேண்டும். பராமரிப்புக்கு ஒதுக்கும் காசைக் கட்டின காசோடு சேர்த்துத்தான் எண்ண வேண்டும். இன்னும் பத்து வருடம் கழித்து இந்த மரம் எப்படி இருக்கிறது என்பதை வைத்துத்தான் இந்த வட்டாரத்தில் அடுத்தவர்கள் மரத்தில் கட்டுவார்களா என்பது முடிவாகும். எனக்கு இந்தக் கட்டடம் ஜெயிக்க வேண்டும் என்று உண்மையிலேயே ஆசை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இந்தியாவிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ பிள்ளையை அனுப்ப நினைப்பவர்களுக்கு: இங்கே கல்வியமைச்சின் கட்டண மானியம் எடுத்தால் வெளிநாட்டு மாணவர்கள் படிப்பு முடிந்து மூன்று வருடம் சிங்கப்பூரில் இயங்கும் நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் உண்டு. கையெழுத்துப் போடும் முன் பிள்ளையோடு உட்கார்ந்து அதைப் படியுங்கள். இன்னொன்று, நகரத்தின் மத்தியில் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு இந்த வளாகம் தூரம். தீவின் மேற்குக் கடைசி. பூன் லே பேருந்து நிலையத்தில் 179 அல்லது 199 பிடித்து உள்ளே வர வேண்டும். ஜூரோங் வட்டார ரயில் பாதை வேலை நடக்கிறது, அது வந்தால் வளாகத்துக்கே நிலையம் வந்துவிடும். விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைக்கு இந்தத் தூரம் நல்லதுதான், எங்கும் ஓடாமல் படிக்கும்.

பார்க்க வருவதாக இருந்தால் பொது அறிமுக நாளில் மட்டும் வந்துவிட்டுப் போகாதீர்கள். அன்றைக்கு எல்லாக் கல்லூரியும் அழகாகத்தான் இருக்கும். பள்ளித் தவணை நடக்கும்போது ஒரு வாரநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாருங்கள். நடைபாதையும் நடுக்கூடமும் சுற்றிப் பாருங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களிடம் பிள்ளையே போய்ப் பேசட்டும். பணிப்பயிற்சி எப்படிக் கிடைத்தது, குழுவில் வேலை செய்யாத ஆளை என்ன செய்வீர்கள், பேராசிரியரைச் சந்திக்க எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் கொஞ்சம் தள்ளி ஒரு பெஞ்சில் உட்காருங்கள். மரம் பழகியவராக இருந்தால் தூணின் பக்கவாட்டில் விரலை ஓட்டிப் பாருங்கள், அடுக்கு தெரியும்.